கூரை காங்கிரீட்டுக்கு முன்னாடியே பீரோ எங்கன்னு முடிவு பண்ணிடுங்க

வீடு கட்டுறவங்க நிறைய பேர் இன்டீரியர்னா பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் வர்ற வேலைன்னு நினைச்சுட்டு இருக்காங்க, நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஆனா பாதி இன்டீரியர் கூரை காங்கிரீட் போடுற அன்னிக்கே முடிஞ்சு போயிடுது. அன்னிக்கு ஃபேன் பாக்ஸ் எங்க வெச்சாங்களோ அங்கதான் ஃபேன் தொங்கும், கதவு ஜன்னலுக்கு மேல ஓடுற காங்கிரீட் பட்டை இருக்கே, அந்த லிண்டல்ல எந்தச் சுவத்துக்கு லாஃப்ட் இழுத்தாங்களோ அங்கதான் பரண், அப்புறம் எவ்வளவு காசு கொடுத்து டிசைனரைக் கூட்டிட்டு வந்தாலும் அவர் அதுக்குள்ள சுத்தி சுத்தி ஏதாவது பண்ணணும், அவ்வளவுதான். திருச்சி பக்கம் 30க்கு 50 மனையில ரெண்டு பெட்ரூம் வீடு கட்டி குடி வந்துட்டோம், சரியா பண்ணது கொஞ்சம், கோட்டை விட்டது அதை விட ஜாஸ்தி, ரெண்டையும் சேர்த்துதான் எழுதுறேன். கட்டப் போறவங்க எந்தக் கட்டத்துல எதை முடிவு பண்ணணும்னு தெரிஞ்சுக்கிட்டா போதும், எங்க வீட்டு மாதிரி வீடு கட்டச் சொல்லல.

முதல்ல இன்ஜினியர்கிட்ட ஓடாதீங்க. ஒரு இஞ்ச் டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கிட்டு இப்ப குடியிருக்கிற வீட்டை அளங்க. வீட்டையில்ல, வீட்ல இருக்கிற சாமானை. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், தையல் மெஷின், அரிசி டிரம், இன்வெர்ட்டர் பேட்டரி, கொலு பொம்மை பெட்டி, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளிய எடுக்கிற அந்த பித்தளை அண்டா, எல்லாத்துக்கும் நீளம் அகலம் உயரம். கதவு இருக்கிற சாமானா இருந்தா கதவைத் திறந்தா எவ்வளவு தூரம் வருதுன்னும் சேர்த்து எழுதுங்க, இதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. இதுல எதைத் தூக்கிப் போடப் போறோம், எது புதுசா வரும்னு வீட்ல உக்காந்து பேசிடுங்க, சண்டை வரும், இப்பவே வந்துட்டா நல்லது. எங்க அத்தை அவங்க கல்யாணத்துக்கு வாங்கின இரும்பு பீரோவைக் கொடுக்கவே மாட்டேன்னுட்டாங்க, சரி அப்ப அதுக்கு ஒரு சுவர் ஒதுக்கணும்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

அடுத்தது பேப்பர்ல இருக்கிற பிளானைத் தரையில போட்டுப் பாக்குறது. கம்ப்யூட்டர்ல 3டி காட்டுவாங்க, அழகா இருக்கும், ஆனா அதுல வர்ற கட்டில் எல்லாம் பொம்மைக் கட்டில் சைஸுல இருக்கும், நம்பாதீங்க. நாங்க வாடகை வீட்டு மொட்டை மாடியில சாயங்காலம் கோலமாவு வெச்சு பெரிய பெட்ரூமை நிஜ அளவுல வரைஞ்சோம், 10க்கு 11. கட்டிலுக்கு 5 அடிக்கு ஆறரை அடி பழைய பேப்பரை விரிச்சு மேல கல்லு வெச்சாச்சு, எதிர்ச் சுவர் பக்கம் பீரோவுக்கு 3 அடி அகலம் 20 இஞ்ச் ஆழத்துல இன்னொரு பேப்பர். பார்த்தா கட்டில் கால்மாட்டுக்கும் பீரோவுக்கும் நடுவுல இருந்தது 22 இஞ்ச்தான், பீரோ கதவே ஒண்ணரை அடி வெளிய வருது. என் நாத்தனார் அங்க போய் நின்னுக்கிட்டு பீரோ திறக்கிற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சாங்க, பின்னாடி ஒரு அடி வெச்சவங்க பேப்பர் கட்டில் மேலேயே உக்காந்துட்டாங்க. "அண்ணி, இந்த ரூம்ல புடவை எடுக்கணும்னா கட்டில் மேல ஏறித்தான் எடுக்கணும்"னாங்க. சிரிச்சோம், ஆனா மறுநாளே இன்ஜினியர்கிட்ட போய் அந்த ரூம்ல 10 அடி இருந்த பக்கத்தை 12 அடியாக்கி ஹாலை ரெண்டடி குறைச்சோம். ஹால் குறைஞ்சது இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல.

அதே மாதிரி கிச்சனையும் வரைஞ்சு அதுல நின்னு தோசை ஊத்துற மாதிரி, ஃப்ரிட்ஜைத் திறக்குற மாதிரி, பாத்திரம் கழுவுற மாதிரி நடந்து பாருங்க, பக்கத்து மாடியில இருந்து யாராவது பாத்தா பைத்தியம்னு நினைப்பாங்க, நினைச்சுட்டுப் போகட்டும்.

பிளான்ல 10 அடின்னு போட்டிருந்தா அது உள் அளவா, சென்டர் டு சென்டரான்னு கேட்டுக்கோங்க. சுவர் நடுவுலேர்ந்து நடுவு வரைக்கும் போட்ட அளவா இருந்தா 9 இஞ்ச் சுவத்துல உங்களுக்கு முக்கால் அடி போயிடும், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் பூச்சு அரை அரை இஞ்ச் தின்னுடும். அப்புறம் அளவெடுத்து வாங்கின கட்டில் ஜன்னல்ல இடிக்குதுன்னு நின்னா யாரைக் குறை சொல்றது.

வாஸ்து பாக்குறவங்களா இருந்தா அதையும் பிளான் கையெழுத்தாகறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. அக்னி மூலையில அடுப்பு, கிழக்கு பாத்து சமைக்கணும், கன்னி மூலையில பெரிய பெட்ரூம், இவ்வளவுல நின்னா ஒரு பிரச்சனையும் இல்ல, எந்த பிளான்லயும் கொண்டுவந்துடலாம். பிரச்சனை எப்ப வருதுன்னா சுவர் எழும்பினதுக்கு அப்புறம் ஊர்ல இருந்து ஒரு சித்தப்பா வந்து பாத்துட்டு "இங்க வாசக்கதவு இருக்கக்கூடாதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு காபி குடிச்சுட்டுப் போயிடுவார். யாரோட பேச்சைக் கேக்கப் போறீங்கன்னு ஒருத்தரை முடிவு பண்ணிக்கோங்க, மத்தவங்களுக்கு கிரகப்பிரவேசத்துக்கு பத்திரிகை வெச்சா போதும்.

இனி கட்டம் கட்டமா வரேன்.

சுவர் எழும்பும்போது கதவு ஜன்னல். ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும், திறந்தா எந்தச் சுவத்துல போய் சாயும்னு பிளான்லயே கால்வட்டம் போட்டு இருக்கும், அதைப் பாருங்க, ஏன்னா எலெக்ட்ரீஷியன் அதைப் பாக்காம கதவு சாயுற சுவத்துலயே சுவிட்ச்போர்டு வெச்சுடுவார். உள்ள வந்து கதவைச் சாத்திட்டு இருட்டுல தடவணும், எங்க சின்ன ரூம்ல இன்னிக்கும் அப்படித்தான். கதவு நிலையைச் சுவர் மூலையை ஒட்டியே வெக்காம ஒரு நாலு இஞ்சாவது விட்டு வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா கதவு முழுசா திறக்காது, கைப்பிடி சுவத்துல இடிக்கும். பின்னாடி ரெண்டடி ஆழத்துல அலமாரி வரப்போற மூலைன்னா அந்த ரெண்டடிக்கு மேலயே தள்ளித்தான் நிலை நிக்கணும். ஜன்னல் அடிப்பக்கம் சாதாரணமா தரையிலேர்ந்து 3 அடியில வரும், கிச்சன்ல சிங்க் மேல வர்ற ஜன்னலுக்கு அது பத்தாது, மூணரை அடிக்குக் குறையாம இருந்தாதான் குழாய் மேல முட்டாது. அடுப்புக்கு நேர் பின்னாடி ஜன்னல் வேண்டாம், ஆடி மாசக் காத்துல அடுப்பு எரியாது, பக்கவாட்டுல வெச்சுக்கோங்க.

லிண்டல் 7 அடியில வரும், லாஃப்டும் அதோட சேர்த்துதான் காங்கிரீட் போடுவாங்க, அதனால பரண் எங்க வேணும்னு அதுக்குள்ள சொல்லணும். இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணேன். இடம் கிடைச்சா நல்லதுதானேன்னு ரூமுக்கு ரெண்டு பக்கம் இழுக்கச் சொல்லிட்டேன். அப்புறம் ஏசி மாட்ட வந்த தம்பி நாலு சுவத்தையும் சுத்திப் பாத்துட்டு "எங்கக்கா மாட்றது, ஒரு சுவத்துல ஜன்னல், ஒரு சுவத்துல கதவு, மிச்ச ரெண்டுலயும் லாஃப்ட்டு"ன்னு கேட்டுட்டான். கடைசியில கதவுக்கு மேல மாட்டினோம், வெளிச்சுவர் கிடையாது, அதனால காப்பர் பைப் ரூம் முழுக்க சுத்தி வந்து வெளிய போகுது, பாக்கவே அசிங்கமா இருக்கும். ஏசிகூட பெரும்பாலும் 3 மீட்டர் பைப்தான் தருவாங்க, அதுக்கு மேல ஒவ்வொரு அடிக்கும் தனி காசு. ஏசி வெளிச்சுவத்துல வர்ற மாதிரி, வெளி யூனிட்டுக்கு இடமும் அதுக்குப் பின்னாடியே இருக்கிற மாதிரி, தண்ணி வடியற குழாய் சாய்வா இறங்குற மாதிரி ஒரு சுவத்தை முதல்லயே காலி விட்டுடுங்க. ரூமுக்கு ஒரு பக்கம் லாஃப்ட் தாராளம். கொலு பெட்டிக்கும் அண்டாவுக்கும் எவ்வளவு உயரம் வேணும்னு நோட்ல இருக்கு இல்ல, லாஃப்டுக்கும் கூரைக்கும் நடுவுல அது போகுமான்னு பாத்துக்கோங்க.

கூரை காங்கிரீட்டுக்கு கம்பி கட்டி முடிச்சதும் எலெக்ட்ரீஷியன் பைப் ஓட்ட வருவார், அன்னிக்கு லீவு போட்டுட்டு சைட்ல நில்லுங்க. அவர் ரூம் நடுவுல ஃபேன் பாக்ஸ் வெச்சுட்டுப் போயிட்டே இருப்பார். உங்க ரூம்ல ஒரு பக்கம் ரெண்டடிக்கு அலமாரி வந்துச்சுன்னா உண்மையான நடு அது இல்ல, கட்டிலுக்கு மேலயும் வராது, அலமாரிக் கதவுக்குத்தான் காத்து அடிக்கும். அதனால அலமாரியைக் கழிச்சுட்டு மிச்ச இடத்துக்கு நடு எதுன்னு பலகை மேல சாக்பீஸால குறி போட்டுக் காட்டுங்க. ஹால்ல ஊஞ்சல் வேணும்னா அதுக்கான கொக்கியைக் கூரைக் கம்பியோட சேர்த்து இன்னிக்குத்தான் கட்டணும், பின்னாடி டிரில் போட்டு மாட்டுற ஊஞ்சல்ல நான் உக்கார மாட்டேன். எங்க வீட்ல ஊஞ்சல் கொக்கி ரெண்டு ஜோடி போட்டோம், கூடவே பெட்ரூம்ல ஓரமா ஒரே ஒரு கொக்கி அத்தை சொல்லிப் போட்டது, தொட்டில் கட்டுறதுக்கு. ஃபால்ஸ் சீலிங் போடுறதா இருந்தாலும் ஃபேன் பாக்ஸ் கூரையிலதான் இருக்கணும், சீலிங் கீழ அரை அடி இறங்கிடும், அதுக்குத் தகுந்த மாதிரி ஃபேன் ராட் நீளமா வாங்கணும். 10 அடி உயரத்துக்குக் கீழ இருக்கிற ரூமுக்கு ஃபால்ஸ் சீலிங் போடாதீங்கன்னுதான் சொல்லுவேன், போட்டா கை தூக்கி சட்டை மாட்டவே பயமா இருக்கும்.

அப்புறம் சுவத்துல கட்டிங் அடிச்சு பைப் புதைக்கிற கட்டம். இதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமுக்கும் நாலு சுவத்தையும் தனித்தனியா நோட்ல வரைஞ்சு, எந்த சாமான் எங்க நிக்கும்னு போட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி பாயிண்ட் குறிங்க. கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் போன் சார்ஜர், படுத்துக்கிட்டே ஃபேன் லைட் ஆஃப் பண்ற மாதிரி டூ வே சுவிட்ச், அதாவது ஒரே லைட்டை ரெண்டு இடத்துலேர்ந்து போட்டு அணைக்கிறது, மாடிப்படிக்குக் கீழயும் மேலயும் டூ வே. கட்டில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி போற உயரத்துல வெச்சுடாதீங்க. இன்வெர்ட்டர்ல எது எரியணும்னு இப்பவே சொல்லணும், அதுக்கு லைன் தனியா இழுப்பாங்க. வயர் லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4ன்னு வழக்கம், கான்ட்ராக்ட்ல என்ன எழுதி இருக்குன்னு பாருங்க, காயில் கவர் மேல அச்சடிச்சு இருக்கும், நேர்ல பாத்துக்கோங்க. நெட் கேபிளுக்கு தெருப்பக்கத்துலேர்ந்து ஹாலுக்கு ஒரு காலி பைப், டிவி சுவத்துல மேலேர்ந்து கீழ ஒரு அகலமான காலி பைப், ரெண்டும் விட்டு வைங்க, செலவு ஒண்ணுமே இல்ல. பூசறதுக்கு முன்னாடி எல்லாச் சுவத்தையும் இஞ்ச் டேப்பை ஒட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, நாளைக்கு சாமி படத்துக்கு ஆணி அடிக்கும்போது எந்த இடத்துல தண்ணிக் குழாய் போகுதுன்னு அந்த போட்டோதான் சொல்லும்.

கிச்சனுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையா உக்காருங்க. மேடை உயரத்தை மேஸ்திரிகிட்ட விட்டா 32, 33 இஞ்ச்ல போட்டுடுவார், அது அவர் கையில ஊறிப்போன அளவு. சமைக்கிறவங்க நேரா நின்னு முழங்கையை மடக்கினா தரையிலேர்ந்து முழங்கை எவ்வளவு உயரமோ அதுல நாலுலேர்ந்து ஆறு இஞ்ச் குறைச்சா நறுக்குற மேடைக்கு சரியா வரும். நான் 5 அடி 4, எனக்கு 35 வந்துச்சு, அத்தை 4 அடி 10, அவங்களுக்கு 31. ரெண்டு பேரும் சமைக்கிற வீடு, என்ன பண்றது? சிங்க்கும் நறுக்குற இடமும் 34ல, அடுப்பு மேடை மட்டும் 31ல போட்டோம், அடுப்பே ஒரு நாலஞ்சு இஞ்ச் ஏறி நிக்கும் இல்ல, ரெண்டு பேருக்கும் ஒத்து வந்துடுச்சு. மேஸ்திரி "ஒரே லெவல்லதாம்மா அழகு"ன்னு ரெண்டு நாள் முனகினார். அந்த அளவு கிரானைட்டையும் சேர்த்த அளவான்னு மறக்காம கேளுங்க, தரையில டைல்ஸ் ஏறினதுக்கு அப்புறம் வர்ற உயரம்தான் கணக்கு.

கிரைண்டர் எங்க நிரந்தரமா நிக்கும்? டேபிள் டாப்னு பேர்தான், பத்து கிலோவுக்கு மேல இருக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவை கீழேர்ந்து தூக்கி மேல வெக்கப் போறேன்னு சொல்லாதீங்க, செய்ய மாட்டீங்க. மேடை ஆழம் ரெண்டடி, அதுல ஒரு மூலையை கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் கொடுத்துட்டு அங்கயே பிளக் வைங்க, மேல அலமாரி வந்தா மூடியைத் தூக்க முடியுமான்னு பாருங்க. இண்டக்ஷன், ஓவன் ரெண்டுக்கும் 16 ஆம்பியர் பிளக் வேணும், ஆர்ஓவுக்கு பிளக்கோட தண்ணி லைனும் கழிவுத்தண்ணி போற வழியும் வேணும். குக்கர் விசில் நேரா மேல போய் மர அலமாரி அடிப்பக்கத்துல அடிக்கிற மாதிரி அடுப்புக்கு மேல கப்போர்டு வெக்காதீங்க. சிம்னி வாங்கறதா இருந்தா 6 இஞ்ச் ஓட்டை எங்க வரும்னு பீம் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க, பீம்ல ஓட்டை போட விடக்கூடாது. சிலிண்டர் வெளிய வெக்கப் போறீங்கன்னா பைப் உள்ள வர சுவத்துல வழி விடணும், உள்ளன்னா மேடைக்குக் கீழ ரெண்டடிக்கு மேல உயரம் வேணும். பாத்திரம் தேய்க்க பின்கட்டுல தாழ்வா ஒரு தொட்டி, துவைக்கிற கல், வாஷிங் மெஷினுக்கு குழாய், பிளக், தண்ணி போற வழி மூணும் ஒரே இடத்துல.

பாத்ரூமுக்கு மாடல் முதல்ல, பைப் அப்புறம். வெஸ்டர்ன் குளோசெட் ஒவ்வொண்ணுக்கும் சுவத்துலேர்ந்து குழி இருக்கவேண்டிய தூரம் வேற, சிலது 9 இஞ்ச், சிலது 12, அதுவும் டைல்ஸ் ஒட்டின சுவத்துலேர்ந்து. குழி போட்டுட்டு கடைக்குப் போனா பிடிச்ச மாடல் உக்காராது, உக்கார்ற மாடல் பிடிக்காது. தண்ணியைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாத்தி விடுற டைவெர்ட்டர் சுவத்துக்குள்ள போகும், அதுவும் அப்படித்தான், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து எவ்வளவு வரும்னு தெரிஞ்சாதான் அதை எவ்வளவு உள்ள தள்ளணும்னு பிளம்பருக்குத் தெரியும், அதனால வாங்கி சைட்ல கொடுத்துடுங்க. நம்ம ஊர்ல ஷவர் மாட்டினாலும் குளிக்கிறது பக்கெட்லதான், உங்க வீட்டு பக்கெட்டை எடுத்துட்டுப் போய் தரையில வெச்சு குழாய் உயரத்தைக் குறிங்க. வயசானவங்க இருந்தா கைப்பிடி வர்ற இடத்தை இப்பவே யோசிச்சுக்கோங்க, ஹெல்த் ஃபாசெட் உக்கார்ந்தா வலது கைக்கு வரணும்.

தரை. டைல்ஸ்னா ஒரு சென்டிமீட்டர்கிட்ட இருக்கும், ஹால்ல மட்டும் ஆத்தங்குடி கல் போடணும்னு ஆசைப்பட்டா அது அதுல ரெண்டு மடங்கு தடிமன் வரும், ரெண்டும் சந்திக்கிற வாசப்படியில லெவல் சமமா வர கீழ கலவையை முன்கூட்டியே குறைச்சுப் போடணும், அதனால எந்த ரூமுக்கு எதுன்னு மேஸ்திரிக்கு முன்னாடியே தெரியணும். டைல்ஸ் வாங்கும்போது ஒரே பேட்ச் நம்பரா பாத்து ரெண்டு மூணு பெட்டி கூடவே வாங்கி பரண்ல போட்டு வைங்க.

பழைய வீட்டை மாத்துறவங்களுக்கு ஒரு விஷயம் தனியா சொல்லணும். பில்லர் இல்லாத பழைய வீட்ல 9 இஞ்ச் சுவர் எல்லாம் கூரையைத் தாங்குற சுவர், ஓப்பன் கிச்சன் ஆசையில மேஸ்திரி பேச்சைக் கேட்டு இடிச்சுடாதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டி வந்து காட்டுங்க, அவர் ஃபீஸ் ஒண்ணும் பெருசில்ல. சுவத்துல குறுக்கால நீளமா கட்டிங் அடிக்கவும் விடாதீங்க, மேலேர்ந்து கீழ நேரா இறங்கட்டும். புதுசா பாத்ரூம் சேர்க்கணும்னா கழிவுக் குழாய் போக பழைய கூரையில பள்ளம் விட்டிருக்க மாட்டாங்க, தரையைத்தான் உயர்த்தணும், வாசல்ல ஒரு படி வந்துடும், அந்தப் படியை ராத்திரி யார் தாண்டப் போறாங்கன்னு யோசிச்சுட்டு இடம் பாருங்க.

கான்ட்ராக்டர் கொட்டேஷன்ல ரூமுக்கு இத்தனை பாயிண்ட், டைல்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு ரூபா வரைக்கும்னு இருக்கும், அதைத் தாண்டினது எல்லாம் எக்ஸ்ட்ரா. எங்களுக்கு பிளக் பாயிண்ட்லயே எக்ஸ்ட்ரா நல்லா ஏறிடுச்சு, சுவத்தை வரைஞ்சு எண்ணிட்டு அப்புறம் ரேட் பேசி இருந்தா அது மொத்தக் காசுலயே வந்திருக்கும்.

மர வேலைக்கு மட்டும் அவசரப்பட வேணாம். அலமாரி எங்க வரும்னு முன்னாடியே முடிவு பண்ணணும், ஆனா அளவு எடுக்குறது டைல்ஸும் பூச்சும் முடிஞ்சதுக்கு அப்புறம்தான். பிளான் அளவை வெச்சு மாடுலர் கிச்சன் ஆர்டர் கொடுத்த என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு ஷட்டர் எல்லாம் முக்கால் இஞ்ச் பெருசா வந்து நின்னுச்சு. சிங்க் கீழ வர்ற பெட்டிக்கு மர நாரை அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப் பலகை வேண்டாம், தண்ணி பட்டா ஊறி உப்பிடும், 710 கிரேடு பிளைவுட் கேளுங்க, பலகை மேல ஐஎஸ் 710னு முத்திரை இருக்கும், அறுக்கிறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, அறுத்ததுக்கு அப்புறம் முத்திரை எந்தத் துண்டுல போச்சுன்னே தெரியாது. எங்க வீட்ல சிங்க் கீழ பலகையே வெக்கல, மேஸ்திரி சொன்ன மாதிரி கடப்பா கல்லை நிக்க வெச்சு மேல கதவு மட்டும் போட்டுட்டோம், ரெண்டு தடவை சிங்க் பைப் ஒழுகி எல்லாம் நனைஞ்சது, துடைச்சுட்டு வேலையைப் பாத்தோம்.